முகதாட்சண்யத்தின் பிரீமியம்

சுயேச்சைக் காப்பீட்டு முகவர் என்பவர், சர்க்கரை சேர்க்காத மைசூர்பாகைப் போல, பேச்சில் எளிதாகவும் இந்தியச் சட்டத்தில் அரிதாகவும் கிடைப்பவர். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பயிர்க் காப்பீடு போன்ற ஒரே துறைக்கான நிறுவனங்களை விட்டுவிட்டால், தனிநபர் முகவர் ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மட்டுமே வேலை செய்யலாம். ஆகவே மைசூரின் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடைக்கு உடன் வந்து, எல்லாக் கம்பெனிகளையும் அலசிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் அன்பர், ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு கம்பெனியைத்தான் அலசியிருக்கிறார் என்பதும், அந்த அலசலில் அந்த ஒன்றே எப்போதும் முதலிடம் பெறுகிறது என்பதும் வியப்புக்குரியன அல்ல.

பல நிறுவனங்களின் பாலிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, வாங்குபவரின் ஆளாக நின்று பேசும் பொறுப்பைச் சட்டம் தரகருக்கே கொடுத்திருக்கிறது. முகவரோ நிறுவனத்தின் ஆள். இந்தப் பாகுபாடு தமிழ்ச் செவிக்கு நேர் தலைகீழாக ஒலிப்பதுதான் சிக்கல். தரகர் என்ற சொல்லைக் கேட்டதும் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகரும், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று சத்தியம் செய்யும் கல்யாணத் தரகரும் கண்முன் வந்து நிற்பதால், கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. முகவர் என்றாலோ நம் வீட்டுப் பையன். கல்யாணத் தரகர் இரு வீட்டாரிடமும் கூலி வாங்குவார். காப்பீட்டுத் தரகர், பெண் வீட்டாருக்காகப் பேசிவிட்டு, கூலியை மாப்பிள்ளை வீட்டாரிடம், அதாவது நிறுவனத்திடம், வாங்கிக்கொள்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

மைசூரில் காப்பீடு புகுந்த கதையில் இத்தகைய குழப்பங்களுக்கு இடமே இருக்கவில்லை. பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1891இல், மைசூர் சமஸ்தானம் தன் ஊழியர்களுக்கென ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. அதன் வாரிசான கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறை, கேஜிஐடி என்ற நான்கெழுத்தில் இன்றும் அரசு ஊழியர்களின் சம்பளச் சீட்டில் வீற்றிருக்கிறது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் அங்கே முகவரும் இல்லை, முகவருக்குக் கொடுக்கும் காபியும் இல்லை. பிறகு 1956இல் 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்ததும், எல்ஐசி என்பது நிறுவனத்தின் பெயராக இல்லாமல் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. வேறொரு தனியார் கம்பெனியில் பாலிசி வாங்கியவரும், கேட்டால், எல்ஐசி போட்டிருப்பதாகத்தான் சொல்கிறார்.

சுயேச்சை முகவரின் உண்மையான முன்னோடியைத் தேடுவோர் மைசூரின் யாதவகிரிப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே வீடு கட்டி வாழ்ந்த ஆர்.கே. நாராயண், 1952இல் வெளிவந்த ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலில் மார்க்கய்யா என்பவரைப் படைத்தார். வழிகாட்டுபவர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அவர், கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கிராமத்தாருக்குக் கடன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, கூலியை அவர்களிடமே வாங்கிக்கொண்டார். வங்கியின் சம்பளமோ கமிஷனோ அவருக்குக் கிடையாது. இக்கட்டுரையின் வரையறைக்கு முழுமையாகப் பொருந்தும் சுயேச்சை ஆலோசகர் மைசூர் வட்டாரத்தில் அவர் ஒருவரே. அவரும் கற்பனைப் பாத்திரம். (பின்னாளில் அவர் ஊராரிடம் டெபாசிட் வாங்கத் தொடங்கி என்ன ஆனார் என்பதை இங்கே கிளற வேண்டியதில்லை.)

காப்பீட்டு நூல்கள், பிரீமியம் என்பது இறப்பு அட்டவணையிலிருந்து, அதாவது எந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறப்பர் என்ற கணக்கிலிருந்து பிறப்பதாகக் கூறும். மைசூர்த் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை அது உறவுமுறை அட்டவணையிலிருந்து பிறக்கிறது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாத அந்த மனத்தடைக்குத் தமிழில் முகதாட்சண்யம் என்று பெயர். இதை எழுதுபவரின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஏழு பாலிசிகள் உறங்குகின்றன. அவற்றுள் எதுவும் ஆராய்ந்து வாங்கப்பட்டதன்று. ஒன்று, சித்தப்பா மகன் முகவரான முதல் மாதத்தில், “அண்ணா, நீங்க ஒண்ணு போட்டா மத்தவங்க தானா போடுவாங்க” என்று கேட்டதால் வந்தது. மற்றொன்று, பக்கத்து வீட்டு மாமிக்கு மார்ச் மாத இலக்கில் ஒன்று குறைந்ததால் வந்தது. மூன்றாவது, மகளின் கல்யாணத்துக்கென்று, மகளுக்கு இரண்டு வயதாகி எட்டு நாள் ஆகியிருந்தபோது, பிறந்தநாள் கேக்கின் மிச்சத்தைத் தின்றபடியே கையெழுத்தானது. மீதி நான்கின் வரலாறும் இத்தகையதே.

ஏழுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 ரூபாய் போகிறது. குடும்பத் தலைவர் மறைந்தால் வரக்கூடியது 14 லட்சம். மாதம் 50,000 ரூபாய் செலவாகும் வீட்டுக்கு அது 28 மாதங்களுக்குக் காணும். இருபத்தொன்பதாம் மாதத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி ஏழு முகவர்களில் ஒருவரும் பேசவில்லை. காரணம் எளிது. இவை எண்டோமென்ட் வகையைச் சேர்ந்தவை. காலம் முடிந்தால் கட்டிய பணம் போனஸோடு திரும்பும், இடையில் இறந்தால் காப்புத் தொகை கிடைக்கும் என்று சேமிப்பையும் காப்பையும் ஒரே பாத்திரத்தில் கிளறியவை. டெர்ம் பாலிசி என்பதோ வெறும் காப்பு. உயிரோடு இருந்துவிட்டால் காலணா திரும்பாது, ஆகவே அதே பிரீமியத்துக்குப் பல மடங்கு காப்புத் தரும். உயிர் பிழைத்ததை நஷ்டம் என்று எண்ணும் மனம் உலகில் வேறெங்கும் உண்டோ இல்லையோ, டெர்ம் பாலிசியை விளக்கும்போது, “அப்ப பணம் போச்சா?” என்று கேட்காத தமிழர் இல்லை. முகவருக்கும் அதில் பெரிய ஆர்வம் இருக்க முடியாது. நீண்டகால எண்டோமென்ட் பாலிசியின் முதலாண்டுப் பிரீமியத்தில் கால் பங்கு அளவுக்குக் கமிஷனாகப் போவது நெடுங்கால வழக்கம், டெர்ம் பாலிசியின் பிரீமியமே சிறியது, சிறியதில் பங்கும் சிறியது.

அந்தக் கமிஷனிலும் பங்கு கேட்போர் உண்டு. முதல் தவணையை முகவரே கட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஆடித் தள்ளுபடிக்குப் பழகிய கைகளுக்கு இயல்பானதுதான் என்றாலும், சட்டத்தின் 41ஆம் பிரிவு கமிஷனிலோ பிரீமியத்திலோ தள்ளுபடி கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்து, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கம், தவணைப் பணத்தை முகவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில், பிரீமியத்தை வாங்கும் அதிகாரம் முகவருக்கு இல்லாததால் அவரிடம் கொடுத்தது கழகத்திடம் கட்டியதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் மைசூர் வீடுகளில் காசோலை காபி டம்ளருக்கு அடியில் வைக்கப்பட்டு முகவருக்காகக் காத்திருக்கிறது.

பாலிசிக்கான முன்மொழிவுப் படிவம் நிரப்பப்படும் காட்சி நின்று பார்க்கத்தக்கது. படிவத்தை நிரப்புபவர் முகவர், கையெழுத்திடுபவர் வாங்குபவர், படிப்பவர் ஒருவருமில்லை. “சுகர், பிபி ஏதாவது உண்டா சார்?” என்று பேனாவைத் தூக்கியபடி கேட்கிறார் முகவர். “ஒரு மாத்திரைதான், அதுவும் பாதி” என்று, தட்டிலிருந்த மைசூர்பாகின் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே விடை வருகிறது. “அப்ப இல்லைன்னு போட்டுடறேன்.” இவ்வளவுதான் மருத்துவ ஆய்வு. காப்பீட்டு ஒப்பந்தம் உச்ச நல்லெண்ணம் என்ற கோட்பாட்டின்மேல் நிற்பது; வாங்குபவருக்குத் தெரிந்த எந்த முக்கியச் செய்தியையும், கேட்கப்பட்ட இடத்தில், மறைக்கக்கூடாது என்பது அதன் பொருள். ஆயுள் பாலிசியை மூன்றாண்டு கடந்தபின் எந்தக் காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவ பாலிசிக்கு அந்தக் காலம், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, 60 மாதங்கள். அதற்குள் பாதி மாத்திரை முழு மாத்திரையாகி, முழு மாத்திரை மருத்துவமனைப் படுக்கையாகிவிட்டால், அன்றைக்குப் பேசப்போவது மைசூர்பாகு தின்ற வாயல்ல, கையெழுத்திட்ட படிவம். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், முன்பே இருந்த நோய்க்கு அதிகம் போனால் 36 மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். 2024க்குப் பின் அதற்கு மேல் காக்க வைக்க முடியாது.

மருத்துவ பாலிசியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று கேட்டால், காப்புத் தொகையில் என்றுதான் பலரும் சொல்வர். அது அறை வாடகையில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் பாலிசியில், நாள் வாடகை காப்புத் தொகையில் 1 விழுக்காட்டுக்கு மிகாது என்ற வரி இருந்தால், அறைக்கு 5,000 ரூபாய் வரைதான் உண்டு. நோயாளியின் மைத்துனர், உறவினர் வந்து பார்க்கும்போது கௌரவமாக இருக்கட்டும் என்று, 8,000 ரூபாய் அறையை எடுத்துவிடுகிறார் எனக் கொள்வோம். நான்கு நாளுக்கு வாடகை வித்தியாசம் 12,000 ரூபாய்தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்பது மைத்துனரின் கணக்கு. ஆனால் விகிதாசாரக் கழிவு என்று ஒன்று உண்டு. அறை உயர்ந்தால் அறுவை மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் உயரும் என்ற அடிப்படையில், அவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்தே நிறுவனம் தரும். அக்கட்டணங்கள் 1,60,000 ரூபாய் என்றால் கிடைப்பது 1,00,000. மருந்து, உள்பொருத்திகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கான 80,000 மட்டும் கழிவுக்குத் தப்பும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தயவால். மொத்தம் 2,72,000 ரூபாய் பில்லில் 2,00,000 வந்து சேர, மைத்துனரின் கௌரவத்துக்கு 72,000 ரூபாய் செலவாகிறது. உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, டிவி சின்னதாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஒரு வரியை வாங்கும்போதே விரல் வைத்துக் காட்டுபவர் எவரோ, அவர் ஒரு கம்பெனியின் முகவராயினும் பத்துக் கம்பெனியின் தரகராயினும், அவரே பயனுள்ளவர். எதற்குப் பணம் கிடைக்காது என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு முகம் கோணாதவரிடம் வாங்க வேண்டும். சித்தப்பா மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, கேட்டால் தீபாவளிக்கு வரமாட்டார். சுயேச்சை என்பது விற்பவரிடம் தேட வேண்டிய குணமன்று, வாங்குபவர் தம் நாக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியது என்பதே இதை எழுதுபவரின் துணிபு. ஏழு பாலிசிக்குப் பிறகு வந்த துணிபாகையால் அதற்கு எடை அதிகம்.

வாகனக் காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றாம் நபர் காப்பு சட்டக் கட்டாயம், போலீஸ் பிடிக்கும், ஆகவே பலரிடமும் உண்டு. வீட்டுக் காப்பீட்டுக்குப் போலீஸ் வராததால் அது ஏறத்தாழ எவரிடமும் இல்லை. 2021 முதல் நடப்பிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொது மாதிரிப் பாலிசி, நிலத்தின் விலையை விட்டுவிட்டு மீண்டும் கட்டும் செலவை மட்டும் கணக்கிடுவதால் பிரீமியம் சொற்பம். தீ, வெள்ளம், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டி வெடித்தல் ஆகியவற்றோடு ஏவுகணைச் சோதனையால் நேரும் சேதத்துக்கும் அதில் இடமுண்டு. சரஸ்வதிபுரத்தில் ஏவுகணை விழுமா என்று சிரிப்பவர்கள், 1897இல் இளவரசியின் கல்யாணத்தின்போது மைசூரின் மர அரண்மனையே எரிந்துபோனதையும், அதன் இடத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த புதிய அரண்மனை 1912இல் முடியும்போது ஏறத்தாழ 42 லட்சம் ரூபாய் ஆகியிருந்ததையும் நினைத்துப் பார்ப்பதில்லை. வீடு எரியும் என்பதற்கு இவ்வளவு பெரிய சாட்சியை ஞாயிறுதோறும் விளக்கு அலங்காரத்தோடு குடும்பமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி நீங்கிவிட்டதால், வருமான வரிச் சலுகையைக் காரணம் காட்டி மார்ச்சில் வந்தவர்கள் இப்போது ஜிஎஸ்டியைக் காரணம் காட்டி எல்லா மாதமும் வருகிறார்கள். எட்டாவது பாலிசி அப்படித்தான் அமைந்தது. 2024இன் விதிகளின்படி, பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை அதைப் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் சிறு கழிவுகள் போகப் பணத்தைத் திரும்பப் பெறலாம். இதை எழுதுபவரின் வீட்டில் அந்த உறை ஃபிரிட்ஜின் மேல், பிரிக்கப்படாமல், கறிவேப்பிலைக் கவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று இருபத்தேழாம் நாள்.