கூதிர்கால அதிரசமும் நாட்டுப் பாடகரைக் கண்டடைதலும்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

டென்னசி மாநிலத்தில் இருக்கும் என் சித்தப்பா மகள் 2018 அக்டோபரில் ஒரு படம் அனுப்பினாள். ஓவனிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆப்பிள் கேக். பின்னால் சன்னலில் சிவந்துபோன ஒரு மரம். கூடவே குரல் செய்தி: “இங்க இலையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சுண்ணே. கேக்கை உள்ள வச்சுட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேனா, புதுசா ஒரு கன்ட்ரி பாடகரைக் கண்டுபிடிச்சேன். நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?”

அவள் சும்மாதான் கேட்டாள். ஆனால் நான் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டவன். முடித்தவர்கள் மறந்துவிடுவார்கள், பாதியில் விட்டவனுக்கு உலகத்தில் சும்மா என்று எதுவும் கிடையாது.

கருதுகோள்: நம்ம ஊரிலும் உண்டு.

ஆய்வு எல்லை: கிழக்கே மாட்டுக்கொட்டகை, மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர், வடக்கே அடுப்படி, தெற்கே திண்ணை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட, ஆலங்குடிப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்று.

முன்னாய்வுகள்: இல்லை. (தேடவில்லை.)

பருவம்

இலையுதிர்காலம் நமக்கு இல்லை என்பர். பிழை. நம் வேம்பு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டுகிறது. ஆனால் அப்போது அடுப்புப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். பலகாரத்துக்குரிய பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். இதைக் ‘கூதிர்’ என்றனர் முன்னோர். தொல்காப்பியர் கூதிரைக் குறிஞ்சி நிலத்துக்குக் கொடுத்தார். செம்மண்ணும் கண்மாயுமான புதுக்கோட்டைக்கு எதையும் கொடுக்கவில்லை. அவர் தீபாவளிக்கு இந்தப் பக்கம் வந்ததற்குச் சான்றில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

சொல்லாராய்ச்சி

‘கன்ட்ரி’ என்பதை ‘நாட்டு’ என்று பெயர்த்தால் போதும், ஆய்வு பாதி முடிந்தது. நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மாடு, நாட்டு மருந்து. பிராய்லர் வரும்வரை கோழிக்கு வெறும் கோழி என்றுதான் பெயர். ‘நாட்டு’ என்பது ஒரு பொருளின் குணம் அன்று; அதற்குப் போட்டி வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. (அப்பத்தா, நேர்ப்பேச்சு, அடுப்படி.)

பாட்டுக்கும் இதே கதிதான். நாஷ்வில்லில் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற வானொலி நிகழ்ச்சி 1925இல் தொடங்கியபோது அந்தப் பாட்டுகளுக்கு ‘கன்ட்ரி’ என்ற பட்டம் நிலைக்கவில்லை. ‘ஹில்பில்லி’, அதாவது மலங்காட்டான் பாட்டு என்று சொல்லித்தான் இசைத்தட்டுக் கம்பெனிகள் விற்றன. 1949இல் பில்போர்டு பத்திரிகை தன் பட்டியலில் பெயரை மாற்றியது. பாடினவனை யாரும் கேட்கவில்லை.

நம் பக்கம் கேட்கவே வேண்டாம். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்து வைத்த பாட்டுகளைக் கி.வா.ஜ. ‘மலையருவி’ என்று பதிப்பித்தார். நா. வானமாமலை தொகுத்தார். அவர்கள் வேலை செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள்: நாடோடிப் பாடல், நாட்டுப் பாடல், நாட்டுப்புறப் பாடல், நாட்டார் பாடல். துறையின் பெயர் ‘நாட்டுப்புறவியல்’ என்று ஒரு சாரார். ‘நாட்டார் வழக்காற்றியல்’ என்று மற்றொரு சாரார். இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் நடவு நட இயந்திரம் வந்து, பாட்டே நின்றுபோன வயல்கள் உண்டு. பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பாடுபொருளைப் பொறுத்தவரை ஒரே வகைப்பாடு போதும். நாட்டுப் பாட்டில் மச்சான் மூவகைப்படுவான்: வருகிற மச்சான், வராத மச்சான், வந்தும் பிரயோசனமில்லாத மச்சான்.

அதிரசம்

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். ஈரம் போனால் பாகு பிடிக்காது. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலில் மெதுவாக உருள வேண்டும். ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி மூடிவைத்தால் மறுநாள் இறுகும். எண்ணெய் அதிகம் காயக்கூடாது. எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அமுக்கி வடிக்க வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து காணாமல் போகும். முறுகினால் கல்.

இந்த ‘முறுகல்’ பற்றித்தான் கடும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பாகு முறுகினாலும் வெந்நீர் தெளித்து மீட்கலாம் என்பது அத்தையின் கோட்பாடு. (அத்தை, ‘பாகு முறுகினால் உலகம் முடிந்ததா?’, பெரியம்மாவுக்கு மறுப்புரை, திருத்தி விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு, பெரியம்மா வீட்டில் இல்லாதபோது வெளியிடப்பட்டது.) இதற்குப் பெரியம்மா எழுத்தில் பதில் தரவில்லை; அத்தை சுட்ட அதிரசத்தை எடுத்துத் தரையில் ஒரு முறை தட்டிக் காட்டினார். எதிர்வினையின் ஓசை திண்ணைவரை கேட்டது. (சின்னத் தாத்தா, ‘அரிசியும் அரசியலும்’, திண்ணைப் பேருரைகள், ஏழாம் தொகுதி, காபி வருவதற்கு முந்தைய பகுதி. காபி வந்தபின் அவர் கருத்தை மாற்றிக்கொண்டதால் பிற்பகுதி கிடைக்கவில்லை.)

கல்வெட்டுச் சான்று

இனி வருவது இவ்வாய்வின் தலையாய பங்களிப்பு. வாசகர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரவும்.

புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலை ஒட்டிய குடைவரையின் பக்கத்தில், பாறை முகம் நெடுக, பல்லவ கிரந்த எழுத்தில் சுரவரிசைகள் வெட்டியிருக்கின்றன. ஏழு பகுதிகள், ஏழு ராகங்கள். 7ஆம் நூற்றாண்டு என்பர் பலர். உருத்திராச்சாரியாரின் மாணவனான ஓர் அரசன் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அரசனின் பேரைத்தான் சொல்லவில்லை. பேர் சொல்லாத இடத்தில்தானே அறிஞருக்குப் பிழைப்பு. மகேந்திரவர்மன் என்றனர் சிலர். அல்லன் என்றனர் சிலர். தலைமுறை தலைமுறையாக இரு சாராருக்கும் கருத்தரங்கப் பயணப்படி கிடைத்துவருகிறது. அந்த அரசன் பேரை வெட்டியிருந்தால் எத்தனை குடும்பம் கெட்டிருக்கும்!

நிற்க. ஒவ்வொரு சுரமும் நான்கு உயிர் ஏறி நிற்கிறது: ர, ரி, ரு, ரெ. இது சுருதி வேறுபாடு என்பது ஒரு தரப்பு. நரம்பை மீட்டும் முறை என்பது இன்னொரு தரப்பு. இரு தரப்பாரும் பலகாரம் சுட்டவர்கள் அல்லர். இவை பாகின் நான்கு பதங்கள் என்பது என் துணிபு. ‘ர’ பாகு கொதிப்பது. ‘ரி’ விரலில் இழுபடுவது. ‘ரு’ உருள்வது, சொல்லிலேயே சான்று கிடக்கிறது. ‘ரெ’ மட்டும் சற்றுச் சிக்கல். ‘ரெடி’ என்று கொள்ளலாம். பல்லவர் காலத்தில் அச்சொல் வழங்கியதா என்று கேட்பவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை போதாது.

இன்னும் உண்டு. சமஸ்கிருதத்தில் முடியும் அக்கல்வெட்டின் கீழே தமிழில் ஒரு குறிப்பு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்பது அதன் பொருள். எதன் எட்டு, எதன் ஏழு? யாழ் நரம்பின் எண்ணிக்கை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நான் கேட்கிறேன்: மற்றதையெல்லாம் வடமொழியில் வெட்டியவன் கணக்கை மட்டும் ஏன் தமிழில் வெட்டினான்? எவ்வளவு படித்தவனுக்கும் அடுப்படிக் கணக்கு அம்மா மொழியில்தான் வரும். எட்டும் ஏழும் பதினைந்து. அப்பத்தா ஓர் உழக்கு அரிசிக்குப் பதினைந்து அதிரசம் தட்டுவாள். எட்டு வீட்டுக்கு, ஏழு ஊருக்கு. இதற்கு மேலும் சான்று கேட்பது பகைமை. (மேலது, மேல் அடுக்குப் பானை, ஒப்புநோக்குக: கீழ் அடுக்குப் பானை, எறும்பு அரித்த பகுதி நீங்கலாக, மூலப்படி அத்தை மகன் வயிற்றில்.)

திருமயத்தை மறந்துவிடவில்லை. அங்கும் இதுபோல ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதைப் பெருமளவு அழித்துவிட்டு, சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பை மேலே வெட்டினார்கள். பாட்டைச் சுரண்டிவிட்டுப் பங்கு எழுதுகிற வழக்கம் எவ்வளவு பழையது என்று இதனால் அறியலாம். வழக்கு எதைப் பற்றியது என்று கேட்காதீர்கள். என் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை.

அதிரசத்துக்கு நேரடிக் கல்வெட்டே இல்லையா என்றால், உண்டு. திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் ‘அதிரசப்படி’ என்று ஒரு படையலே வருகிறது. ஆனால் அது தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் ஆய்வுக்கு இடமில்லை.

இந்தப் பகுதியை மட்டும் தனியாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அதில் கல்வெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை; பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு எண் இருந்தது.

கள ஆய்வு

முதல் கண்டுபிடிப்பு தீபாவளிக்கு முந்தைய நாள் நிகழ்ந்தது. ஈரத்துக்குப் பாகு இளகி, முதல் ஈடு எண்ணெயில் பிரிந்துபோன துக்கத்தில் இருந்தோம். அத்தை மகன் கைப்பேசியில் ஒரு பாட்டுப் போட்டான். தொண்டையைத் திறந்து, பறைக்கு ஈடு கொடுத்து ஒரு ஆண் குரல். பதிலுக்கு ஒரு பெண் குரல். செந்தில் கணேஷ், ராஜலட்சுமி. செந்தில் நம் மாவட்டத்துக் களபத்துக்காரர். அந்த ஆண்டுதான் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாம் பருவத்தில் முதலிடம் வாங்கியிருந்தார். மேடை மேடையாக இருவரும் பாடிவந்த ‘சின்ன மச்சான்’ சினிமாவுக்கும் போனது. மேற்படி வகைப்பாட்டில் அவர் வருகிற மச்சான்.

உடனே டென்னசிக்கு எழுதினேன்: “நானும் ஒரு நாட்டுப் பாடகரைக் கண்டுபிடித்துவிட்டேன்.” பதில் வந்தது: “அவங்களையா? அந்த நிகழ்ச்சி ஓடும்போதே ஒரு வாரம் விடாம பார்த்தேனேண்ணே.” விசாரித்ததில் அத்தைக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியும், மாவு மில்காரருக்கும் தெரியும். மாவட்டம் முழுக்கத் தெரிந்த ஒன்று கடைசியாக ஆய்வாளனுக்குத் தெரியவருவதையே ஆய்வுலகம் ‘கண்டுபிடிப்பு’ என்கிறது.

இரண்டாவது கண்டுபிடிப்பு நான் திட்டமிட்டதன்று. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கம் கரையேறி எங்கள் மேல் நடந்து போனது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. நாற்பது வருடத்துப் பலா வேரோடு சாய்ந்து, வேரில் ஒட்டிய செம்மண் ஒரு சுவர் மாதிரி நின்றது. மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. கரண்ட் இல்லை, டிவி இல்லை. கைப்பேசியை உயிரோடு வைக்க யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டருக்கு வரிசையில் நிற்க வேண்டும். பலநாள் அப்படித்தான் போனது.

23ஆம் தேதி திருக்கார்த்திகை. விளக்கு வைத்தால் ஊரே விளக்காகத்தான் இருந்தது, வேறு வெளிச்சம் இல்லாததால். அப்பத்தா பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கச் சொன்னாள். தீபாவளி மாவில் மீந்ததைப் போட்டு வைத்திருந்தாள். பாகு பதமாக இருந்தால் பிரிட்ஜ் தேவைப்படாது. விறகுக்கா பஞ்சம்? விழுந்த தென்னையில் மட்டையும் பாளையும் கொள்ளை கொள்ளையாகக் கிடந்தன. முற்றத்தில் கல் கூட்டிச் சட்டியை வைத்தாள்.

தட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். எண்பத்திரண்டு வயதில், பல் இல்லாத வாயில், அவ்வளவு உரக்க. கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒரு மச்சானை வரிக்கு வரி வைகிற பாட்டு. வசவு முடிகிற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கும். அப்போது ஒரு அதிரசத்தைத் திருப்பிப் போடுவாள். நாற்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சுவருக்கு மேலே ஒரு தலை வந்தது, பிறகு இரண்டு. அத்தையும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முறுகல் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்குள் இருந்த ஆய்வாளன் விழித்தான். நான்கு சதவீதம் சார்ஜ் இருந்த கைப்பேசியில் பதிவை அமுக்கி, தகவலாளியிடம் முறைப்படி வினாநிரலைத் தொடங்கினேன். “அப்பத்தா, இது தொழிற்பாட்டா, ஒப்பாரியா, தெம்மாங்கா?”

“என்னத்தடா கேக்குற? பாட்டுடா.”

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“சட்டி காயுது தம்பி, அங்கிட்டுப் போ.”

“இன்னொருக்கா முதல்லேருந்து பாடுங்க, எழுதிக்கிறேன்.”

நிறுத்திவிட்டாள். கைப்பேசியை ஒரு பார்வை பார்த்தாள். “எழுதி என்ன பண்ணப் போற? உக்காந்து தின்னு.” அதன் பிறகு எண்ணெயின் சத்தம் மட்டும்தான். பதிவில் இருப்பது என் கேள்விகளும், பின்னணியில் ஒரு நாய் குரைப்பும். அதையும் முழுசாகக் கேட்டுப் பார்ப்பதற்குள் கைப்பேசி அணைந்தது.

அன்று எத்தனை அதிரசம் என்று எண்ணினேன், ஆய்வாளன் அல்லவா. பத்தொன்பது வந்தது. என் கல்வெட்டுக் கோட்பாட்டுக்கு இது பொருந்தாததால் நான்கை உடனே தின்று சரிசெய்தேன். எட்டு வீட்டில் இருந்தது. ஏழு, ஓடு பறந்துபோன பக்கத்து வீட்டுக்குச் சுவர் வழியாகப் போனது.

வேண்டுகோள்

கொழும்பு மச்சானை வைகிற அந்தப் பாட்டின் மூன்றாம் அடிக்கு மேல் எனக்கு நினைவில்லை. அப்பத்தா அடுத்த ஆண்டு தீபாவளி பார்க்கவில்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் அதைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஐப்பசியில் ஒருநாள் பலகாரம் சுடும் நேரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வரவும். கைப்பேசியைத் திண்ணையிலேயே வாங்கி வைத்துவிடுவோம். நானும் கேள்வி கேட்கமாட்டேன்.