ஊர் எது, தெரு எது?

(இந்த வாரம் மல்லாங்கிணறு, விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கடிதங்கள்)

கே: ‘பாஸிங்’ படம் பார்த்தேன். வெளுப்பாகப் பிறந்த கறுப்பினப் பெண் ஒருத்தி, வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு வெள்ளைக்காரனையே கட்டிக்கொள்கிறாள். நம் ஊரில் ஒருத்தி இப்படித் தப்ப முடியுமா?
– கல்லூரி மாணவி, மல்லாங்கிணறு

ப: விருதுநகர் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், தெரிந்துவிடும். அமெரிக்காக்காரன் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறான். முகம் வெளுத்திருந்தால் தப்பலாம். நம்மாள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. “எந்த ஊரு?” என்பார் பக்கத்து சீட்டுக்காரர். சொன்னதும், “ஊர்ல எங்கன?” அதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால், “காளியம்மன் கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா?” கண்டக்டர் மீதிச் சில்லறை தருவதற்குள் உங்கள் ஏழு தலைமுறையும் அவர் மடியில் இருக்கும்.

ஊரை விட்டுப் போனால் சாதியை மறைக்கலாம். மறைத்தவர்கள் உண்டு. மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் 1963-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் தலைப்புக் கதையே சாதியை மறைத்தவனைப் பற்றியதுதான். வெளியூரில் ரயில்வே வேலைக்குப் போகிறவன், குடியிருக்க ஓர் இடம் வேண்டுமே என்று சாதியைச் சொல்லாமல் விடுகிறான். தெரிந்த அன்று அடி விழுகிறது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் இந்தக் கதைக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

கே: அதே படத்தை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்? காசில்லையா?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ப: கணக்குப் பார்க்கிற ஊர் என்பதை நிரூபித்துவிட்டீர்கள்! கலரில் எடுத்திருந்தால் யார் எந்த நிறம் என்று முதல் காட்சியிலேயே நாம் தீர்ப்பு எழுதியிருப்போம். கறுப்பு வெள்ளையில் எல்லாரும் சாம்பல். நெல்லா லார்சன் 1929-இல் எழுதிய நாவலை 2021-இல் படமாக்கியவர் ரெபெக்கா ஹால். பிரிட்டிஷ் நடிகை. பார்வைக்கு வெள்ளைக்காரிதான். அவருடைய அம்மா வழித் தாத்தா கறுப்பினத்தில் பிறந்து வெள்ளையராக வாழ்ந்தவர். குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதியைப் பேத்தி படமாக எடுத்திருக்கிறார்.

கே: நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். ‘வெக்கை’ நாவலை ‘அசுரன்’ படம் கெடுத்துவிட்டதா, உயர்த்திவிட்டதா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியை, காரியாபட்டி

ப: இரண்டும் இல்லை. வேறொரு கதையாக ஆக்கியது.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான பூமணி ‘வெக்கை’யை எழுதியது 1982-இல். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் எடுத்துவிடலாம் என்று போகிறான் பதினைந்து வயதுப் பையன். ஆள் செத்தே போகிறான். பிறகு அப்பனும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான் நாவல். ஒளிந்த இடத்தில் சோறு பொங்குகிறார்கள். எது தின்னலாம், எந்தத் தடத்தில் போகலாம் என்று அப்பன் சொல்லித் தருகிறார். கொலைக் கதை என்று எடுத்தால், கரிசல் காட்டில் உயிர் பிழைக்கும் பாடமாக விரிகிறது. போலீஸ் துரத்துகிற பதற்றத்தைவிட, மகனுக்குப் பசிக்குமே என்ற அப்பனின் கவலைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

2019 அக்டோபர் 4-இல் வந்த ‘அசுரன்’ அந்த அப்பனுக்கு ஒரு பழங்கதையைக் கொடுத்தது. செருப்புப் போட்டதற்காக ஒரு பெண்ணை அடிக்கிறார்கள், குடிசைகளை எரிக்கிறார்கள், பஞ்சமி நிலம் பறிபோகிறது. இது இயக்குநர் வெற்றிமாறன் சேர்த்தது. பலன் இல்லாமல் போகவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892-இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கிய வரலாறு, தியேட்டரிலிருந்து டீக்கடைக்கு வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்சிக்காரர்கள் பஞ்சமி நிலத்தை வைத்து அறிக்கைப் போர் நடத்தினார்கள். நிலம் மட்டும் இருந்த கையிலேயே இருக்கிறது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாவலின் அப்பன் சாதாரண சம்சாரி. படத்தின் அப்பன் அடக்கிவைத்த வீரர். இடைவேளை நேரத்தில் அரிவாள் தூக்க வேண்டியிருக்கிறது. நிலம் வைத்திருக்கிற ஒரு சாதாரண ஆளுக்கு இந்த அநியாயம் நடந்தது என்பதே போதுமான கோபம். விசில் தேவையில்லை.

கே: ‘வெக்கை’யில் யார் என்ன சாதி என்றே பூமணி எழுதவில்லையே. பயமா?
– பயராபீஸ் போர்மேன், சிவகாசி

ப: பயந்தவர் அந்த நாவலையே எழுதியிருக்க மாட்டார். நிலத்தை யார் கேட்கிறார்கள், யார் கொடுக்க மறுக்கிறார்கள், போலீஸ் யார் வீட்டுக்கு வருகிறது என்பதை எழுதிவிட்டால் மிச்சத்தை வாசகர் தானாகவே நிரப்பிக்கொள்வார். நீங்களும் நிரப்பினீர்கள்தானே? அங்கேதான் உங்களைப் பிடித்தார் பூமணி.

கே: ‘அசுரன்’ வந்தபோது முப்பத்தாறு வயதான தனுஷுக்கு வளர்ந்த பிள்ளைகளின் அப்பா வேஷம் பொருந்தியதா?
– செல்போன் கடைக்காரர், அருப்புக்கோட்டை

ப: அறுபது வயதில் காலேஜுக்குப் போகிற கதாநாயகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் உறுத்தும். தேசிய விருதுக் குழுவுக்கு உறுத்தவில்லை. சிறந்த நடிகர் விருதை மனோஜ் பாஜ்பாயுடன் அவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. ஹாலிவுட் மட்டும் யோக்கியமா? ஃபிலிப் ராத்தின் ‘தி ஹ்யூமன் ஸ்டெய்ன்’ நாவல் 2003-இல் படமானபோது, கறுப்பினத்தில் பிறந்ததை வாழ்நாள் முழுக்க மறைத்த பேராசிரியராக நடித்தவர் அந்தோனி ஹாப்கின்ஸ். அவ்வளவு கச்சிதமாக மறைத்திருந்தார், பார்வையாளர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை!

கே: எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வாழ்க்கையை யாரும் படமாக எடுக்க மாட்டார்களா?
– தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, சாத்தூர்

ப: எடுத்தார் ஐயா. அதே பூமணிதான். ‘கருவேலம்பூக்கள்’ என்று பெயர். நாசரும் ராதிகாவும் நடித்தார்கள். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. விடிவதற்கு முன்னால் ஊருக்குள் வந்து நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகுமே ஆபீஸ் பஸ், அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் புதிதாக எதையும் சொல்லாது. பார்க்காதவர்களுக்குச் சொல்லும். ஆனால் அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. ‘அசுரன்’ ஓடிய தியேட்டர்களில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தாலும் போதும்.

கே: மறைக்காமலே ஜெயித்தவர்கள் எங்கள் விருதுநகர்க்காரர்கள். ஒத்துக்கொள்கிறீர்களா?
– மிளகாய் வத்தல் வியாபாரி, விருதுநகர்

ப: தாராளமாக. நாடார்களைக் கோயிலுக்குள் விட மறுத்தார்கள். 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் ரத்தம் சிந்தியது. இந்த ஊர் நாடார்கள் வேறு ஆளாக வேஷம் போடவில்லை. மகமை என்ற பொதுநிதி வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1889-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலாவில்தான் பின்னாளில் காமராஜர் படித்தார். அந்தக் கலவரங்களையும் பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலில் எழுதினார், 2014-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தலையணை கனம், தைரியமாகத் தூக்குங்கள். படித்து முடித்ததும் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள்: அன்று நமக்குச் சாத்திய கதவை, இன்று நம் கடையில் மூட்டை தூக்குகிறவருக்குத் திறந்து வைத்திருக்கிறோமா?

கே: அமெரிக்காவில் மறைத்தார்கள். இங்கே பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டுகிறார்களே?
– உடற்கல்வி ஆசிரியர், மல்லாங்கிணறு

ப: இந்தச் சாதிப் பெருமை 2023-இல் நாங்குநேரியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டும் அளவுக்குப் போனது. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, நெற்றிக்குறி, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. கயிற்றை நீங்கள் அவிழ்த்துவிடலாம், சார். சாயங்காலம் வீட்டில் மறுபடி கட்டிவிடுகிற கை யாருடையது என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ‘வெக்கை’யா, ‘அசுரன்’ஆ?
– அதே கல்லூரி மாணவி, மல்லாங்கிணறு

ப: ‘வெக்கை’. சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை என்றால் வாங்கச் சொல்லி நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.