கூடியதா, கூட்டமா?

கேள்வி: கடலூரில் ரத்தம் கொடுத்தேன், பிளேட்லெட் 40 ஆயிரம் என்றார்கள். மறுநாள் சிதம்பரத்தில் 2 லட்சம்! பஸ்ஸில் வந்ததிலேயே கூடிவிட்டதா?
(கடலூர் வாசகர்)

பதில்: பஸ்ஸில் கூடவில்லை, ரத்தம் எடுத்த குழாயில்தான் கூடின, கூட்டமாக! ஊரைக் குறை சொல்லாதீர்கள். (கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியே சிதம்பரம் அண்ணாமலை நகரில்தானே இருக்கிறது?)

ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். அது பட்டதும் சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணும் மெஷினுக்குக் கொத்து எண்ணத் தெரியாது. சில நேரம் அதை வெள்ளணு என்றே எழுதிவிடும். சிதம்பர ரகசியத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளி. இங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்துக் கொத்தாகப் பிளேட்லெட்!

நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கினால் பெரும்பாலும் உண்மைக் கணக்கு கிடைத்துவிடும். அதற்காகக் காய்ச்சலோடு வரும் குறைவையும் குழாய் மேல் போட்டுவிடாதீர்கள். டெங்குவில் நிஜமாகவே குறையும். எதற்கும் ஸ்மியர் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கண்ணாடியில் தேய்த்த ரத்தம்) பார்த்தார்களா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.