கருகலதிகாரம்: பிளேனர் மோட்டாரின் மறைவும் மாற்றமும் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

மரப்பட்டறையில் மோட்டார் கருகுவது நான்கு நிலைகளில் நிகழும். முதலில் சத்தம் மாறும்; சீராக இரைந்துகொண்டிருந்தது கனத்த முனகலாக இறங்கும். அடுத்து வார்னிஷ் தீயும் நாற்றம். மூன்றாவது புகை. நான்காவதாக, பட்டறையில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். முதல் மூன்று நிலைகளையும் மின்பொறியியல் நூல்கள் விளக்கிவிட்டன. நான்காவதை எந்தப் பல்கலைக்கழகமும் தீண்டவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பயன்.

ஆய்வுப்பொருள், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் சர்ஃபேஸ் பிளேனர். பலகையின் முகத்தை இழைத்துத் தருவது இதன் தொழில். இதன் கீழே 3 எச்.பி., மூன்று பேஸ் மோட்டார் ஒன்று மரத்தூளில் கழுத்தளவு புதைந்து வாழ்கிறது. இவ்வினத்தின் குலவரலாறு சிறியதன்று. நிக்கோலா டெஸ்லா இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். மறு ஆண்டே டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸ் வடிவத்தைச் செய்து காட்டினார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் கோவையில், ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு ஜீவன் புகைந்து நிற்கும்போது, காரணம் விசாரிக்காமல் அதைத் தூக்கி எறிவது முறையாகாது.

எனவே கருதுகோள் இது: காயிலைப் பார்க்காமல் மோட்டாரை மாற்றுகிறவர், அதே மோட்டாரை மறுபடியும் மாற்றுவார்.

காரண இயல்

கருகலுக்குக் காரணம் கூறுவோர் நால்வகைப்படுவர். முதலாளி மின்வாரியவாதி: "வோல்டேஜே இல்லை, மோட்டார் என்ன பண்ணும்?" மிஷினில் நிற்பவர் மரவாதி: "கருவேலங்கட்டை அண்ணே, கல்லு மாதிரி இருந்துச்சு." எலெக்ட்ரீஷியன் மனிதவாதி, மிஷினில் நிற்பவரையே கைகாட்டுவார். நான்காமவர் பட்டறைக்குச் சம்பந்தமில்லாதவர், டீ வாங்கி வந்தவர். அவர் திருஷ்டிவாதி. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி மூன்று மாதம் ஆயிற்று என்பதை அவர்தான் நினைவூட்டுவார்.

நடுநிலையோடு சொன்னால், முதல் மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் விசை 64 சதவீதமாகச் சரியும். இழுக்க முடியாத பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் குடிக்கும். கட்டை கடினமானால் பாரம் கூடும் என்பதும் சரி. ஆனால் மழுங்கிய கத்தி மெத்தென்ற மரத்தையும் கருவேலமாக்கிவிடும் என்பதை மரவாதிகள் தங்கள் வாதத்தில் சேர்ப்பதில்லை. சாணை பிடிக்க வேண்டியது யார் என்ற கேள்வி உடனே எழும் என்பதால் இருக்கலாம்.

மனிதவாதிக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தால், பலர் அதன் திருகாணியை மேலே திருப்பி வைப்பார்கள். ஸ்டார்ட்டர் பிடிக்காவிட்டால் பச்சைப் பொத்தானில் ஒரு மரத்துண்டைச் செருகி நிறுத்துவார்கள். மோட்டாரைக் காக்க வைத்த காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் எப்படி வந்தான் என்று ஆராய்வது பட்டறைகளில் நீண்டகால வழக்கு.

சான்று இயல்

நால்வரும் பேசி ஓய்ந்தபின் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகிறது. அங்கே மூடியைத் திறந்தவுடன், இதுவரை வாய் திறக்காத ஒரே சாட்சி பேசுகிறது.

காயில் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், பாரம் கூடியிருக்கிறது, அல்லது வோல்டேஜ் குறைந்திருக்கிறது, அல்லது காற்று போகவில்லை. ஃபேன் மூடிக்குள் மரத்தூள் அடைத்துக் கிடப்பதை விரலால் தோண்டி எடுக்கலாம். ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு கருகி ஒரு பங்கு புதுப்பொலிவோடு இருந்தால், ஒரு பேஸ் போனபின்பும் மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பானால் இதே குற்றத்தில் ஒரு பங்கு கருகி இரண்டு பங்கு தப்பும். ஒரே இடத்தில் மட்டும் பொத்தலிட்டாற்போல் எரிந்திருந்தால் இன்சுலேஷன் விட்டிருக்கிறது. சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் எரிந்திருந்தால், சென்ட்ரிபியூகல் சுவிட்சில் தூள் புகுந்து, ஓடத் தொடங்கிய பிறகும் அது விடுபடவில்லை.

"முதலாளி, ஒரு பேஸ் இல்லாம ஓடியிருக்கு. ஃபியூஸ் கேரியரைப் பாத்தீங்களா?" என்று வைண்டிங்காரர் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மின்வாரியம், கருவேலம், எலுமிச்சை மூன்றும் விடுதலையாகின்றன. ஆயினும் முதலாளி கேட்கும் எதிர்க்கேள்வி, "எப்ப கிடைக்கும்?" என்பதே. சிறிது நேரத்தில் உளி வைத்துக் காயில் வெட்டப்படுகிறது. சுற்றுகள் எண்ணப்படுகின்றன. கம்பியின் கேஜ் அளக்கப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டில் குறிக்கப்படுகிறது. சாட்சியம் பழைய தாமிரமாக எடை போடப்பட்டுக் கூலியில் கழிக்கப்படுகிறது.

வெப்பம் பற்றி ஒரு சூத்திரம் இங்கே இன்றியமையாதது. காயிலின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பி வகுப்பு இன்சுலேஷன் 130 டிகிரி வரையும், எஃப் வகுப்பு 155 டிகிரி வரையும் தாங்கும். தூளை வாரம் ஒருமுறை துடைத்தாலே காக்கக்கூடிய ஆயுளை, எஃப் வகுப்புக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரும் உளர்.

அளவை இயல்

புது மோட்டாரே வாங்குவது என்று முடிவானால், பழையதன் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். பெயர்ப்பலகை பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். "3 எச்.பி. கொடுங்க" என்று கடையில் கேட்பது பாதிக் கேள்வி. நிமிடத்துக்கு 2880 சுற்றும் 3 எச்.பி. மோட்டார் வழக்கமாக 90எல் ஃபிரேமில் வரும். அச்சு 24 மி.மீ. 1440 சுற்றும் அதே 3 எச்.பி. 100எல் ஃபிரேம், அச்சு 28 மி.மீ. குதிரைத்திறன் ஒன்று, உடம்பு வேறு. மாற்றி வாங்கினால் புல்லி ஏறாது, போல்ட் துளை பொருந்தாது, அச்சின் உயரம் 10 மி.மீ. தள்ளும்.

புல்லியைக் கடைந்தெடுத்து எப்படியோ பூட்டிவிட்டாலும் பிரச்சினை ஓய்வதில்லை. 2880க்குப் பதில் 1440 பூட்டினால் கத்தி உருளை பாதி வேகத்தில் சுற்றும். பலகையில் அலையலையாகக் கத்தித் தடம் விழும். 1440க்குப் பதில் 2880 பூட்டுவது ஆய்வுக்குரியதன்று. கத்தி உருளை இரட்டிப்பு வேகத்தில் சுற்றினால் கத்தி பிடியை விட்டுப் பறக்கலாம்.

கழற்றலும் பூட்டலும்

பழைய புல்லியைக் கழற்ற உலகெங்கும் புல்லர் என்ற கருவி இருக்கிறது. பட்டறையில் சுத்தியல் இருக்கிறது. துருவேறிய சாவியோடு இறுகிப்போன வார்ப்பிரும்புப் புல்லியைச் சுத்தியலால் தட்டினால் ஒன்று புல்லி உடையும், அல்லது அடி முழுவதும் பேரிங்கில் இறங்கும். புது மோட்டாரில் புல்லியை ஏற்றும்போதும் இதே சடங்கு நடப்பதால், சில மோட்டார்கள் முதல் பலகையைப் பார்க்குமுன்பே பேரிங் சத்தத்தோடு வாழ்க்கையைத் தொடங்குகின்றன.

அடுத்தது திசை. மூன்று பேஸ் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பது வயர் கொடுத்த வரிசையைப் பொறுத்தது. தவறினால் எந்த இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் போதும். அதனால் பெல்ட் போடுவதற்கு முன் ஒரு நொடி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பெல்ட் போட்டபின் பார்ப்பவர்களுக்குக் கத்தி, முதுகைக் காட்டிப் பலகையைத் தேய்க்கும். அதே அச்சில் வட்ட ரம்பம் இருந்தால் அதன் நட் தளர்ந்து கழலவும் கூடும்.

புறனடை

மோட்டாரின் அடித்தட்டில் போல்ட் துளைகள் நான்கு. கழற்றும்போது நான்கு போல்ட்டுகள் வெளிவரும். பூட்டும்போது மூன்றுதான் இருக்கும். மூன்றில் நின்ற மோட்டார் அதிர்வில் மெல்லத் திரும்பும், பெல்ட் ஓரத்தில் தேயும், பேரிங் சூடேறும், மீண்டும் முதல் இயலுக்கே வர நேரிடும். நான்காவது போல்ட்டின் இருப்பிடம் குறித்து ஆய்வு தொடர்கிறது. மிஷினுக்கு அடியில் பார்த்தாயிற்று. அந்த வாரம் விற்ற மரத்தூள் மூட்டைகள் கோழிப்பண்ணைக்குப் போயிருக்கின்றன; பண்ணைக்காரரிடம் கேட்டு வர, திருஷ்டிவாதியையே அனுப்பியிருக்கிறார்கள்.