தொப்பூர் ஏற்றமும் ஆபீஸ் தம்பியும்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததிலிருந்து லாரிக்கு இரண்டு தொட்டி. ஒன்றில் டீசல், மற்றதில் ஆட்ப்ளூ, அதாவது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற நல்ல காரியம்தான். ஆனால் தொட்டி நிறைய இருக்கையில் சென்சார் 'இல்லை' என்று சாதித்தால், இன்ஜின் டிரைவரை நம்பாது, சென்சாரைத்தான் நம்பும். உடனே இழுவையைக் குறைத்துவிடும். அதற்கு அந்த ஞானம் பிறப்பதும் சேலம் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான். லோடு வண்டி கல்யாண ஊர்வலம்போல நகரும்.

நாமக்கல் ஆபீஸிலிருந்து போன் வரும்.

"ஏனுங்கண்ணா, ஜிபிஎஸ்ல வண்டி நின்னாப்புல காட்டுது. டீக்கடைங்களா?"

"சென்சார் கோளாறு தம்பி."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

ஏ.சி. அறையில் கற்ற மெக்கானிக் வேலை அவ்வளவே. பழைய வண்டியென்றால் ஸ்பேனரும் கிளீனரும் போதும். இப்போது லேப்டாப்போடு ஆள் வர வேண்டும்; அவர் நாளைக்குத்தான் வருவார். கிளீனரைச் செலவுக் கணக்கில் எப்போதோ கழித்தாகிவிட்டது. தாமதத்துக்கு மட்டும் பேட்டாவில் பிடிப்பார்கள். சென்சாருக்குப் பேட்டா கிடையாதே!

இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கும் ஏ.சி. கட்டாயம். புது வண்டி வந்த அன்றே தம்பி போனில் சொல்லிவிட்டான்: "ஏ.சி. போட்டா டீசல் குடிக்குமுங்கண்ணா, கண்ணாடிய எறக்கி விட்டுக்குங்க."