புதுப்பித்தலியல்: கும்மிடிப்பூண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படப் பட்டறை. ஆய்வுப்பொருள், அதன் ஆபீஸ் மூலையில் உள்ள கணினியும் அதில் குடியிருக்கும் கணக்கு மென்பொருளும். ஆய்வாளர் அங்கேயே கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குவதால் களப்பணிக்குத் தனி நிதி கோரவில்லை.

முன்பு ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூரில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. லாரிகள் காகிதக் கட்டோடு வரிசையில் நின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சாவடி ஒழிந்தது என்பது அறிஞர் துணிபு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சாவடி ஒழியவில்லை, எங்கள் கணினிக்குள் குடிபெயர்ந்தது.

சான்று வருமாறு. 2018 ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அது இல்லாமல் வண்டி கிளம்பாது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. மழைக்காலத்தில் நீர் ஏறினால் அஞ்சும் மாவட்டத்தில், ஓர் எண் இறங்குவதைப் பார்த்து அஞ்சினோம். விதி மாறினால் மென்பொருள் மாற வேண்டும். மென்பொருள் மாற, ஆண்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆயுள் உரிமம் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டேன். ஆயுள் என்றது அந்தப் பதிப்பின் ஆயுளாம்.

அரசுத் தளத்திலேயே நேராகப் பில் போடலாமே என்பது பூர்வபட்சம். போடலாம். ஒரு பில்லின் 42 உருப்படிகளையும் கையால் அடிக்கத் தயாராக உள்ளவரே அவ்வாதத்தை எழுப்பத் தகுதியுடையவர்.

மென்பொருளின் உதவி எண்ணுக்குப் பேசுவதை அகத்திணை மரபில் வைத்து ஆராயலாம். பாட்டு ஒலிக்கும் வரை முல்லை, காத்திருத்தல். “லைன்ல இருங்க சார், டெக்னிக்கல் டீமுக்கு மாத்துறேன்” என்றதும் பாலை, பிரிவு. அடுத்தவர் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?” என்றால் மருதம், ஊடல். இரங்கல் நெய்தலுக்குரியது, அதை முதலாளி பார்த்துக்கொள்கிறார். குறிஞ்சிக்குத் தரவு கிடைக்கவில்லை.

இறுதியில் டிக்கெட் எண் தருவார்கள். மூர் மார்க்கெட்டில் எடுக்கும் ரயில் டிக்கெட் ஆளைக் கும்மிடிப்பூண்டி வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த டிக்கெட்டுக்கு இதுவரை யாரும் வந்து இறங்கவில்லை.

(அந்தக் கணினியிலிருந்து பத்தடியில் என் வயதை ஒத்த லேத் ஒன்று ஓடுகிறது. எண்ணெய் மட்டும் கேட்கிறது.)

கருதுகோளைச் சென்ற மாதம் புறத்தேர்வாளர் ஒருவர் மதிப்பிட்டார். நெல்லூருக்குச் சரக்கு ஏற்றி நின்ற லாரியின் டிரைவர் அவர்.

“பில்லு வந்துச்சாண்ணே?”

“அப்டேட் ஓடுதுப்பா. 63 சதவீதம்.”

“முன்னாடி எளாவூர்ல நிப்போம். இப்ப உங்க கேட்லயே நிக்கிறோம்” என்றவர், துண்டை உதறி லாரி நிழலில் விரித்தார்.