முறுக்கில் சிக்கிய சட்டம்

கேள்வி: ஆட்டையாம்பட்டிக்காரன் நான். சட்டம் படிக்கிறேன். எங்க ஊரில் கை முறுக்கு சுற்றும் வீடு தொழிற்சாலை ஆகுமா, சார்?

பதில்: தலையை எண்ணுங்க தம்பி! 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை பார்த்தால் தொழிற்சாலை என்று இருந்தது. விரல் நுனியில் மாவைத் திருகித் திருகிச் சுற்றும் அக்காவுக்குக் கரண்ட் எதற்கு? மூலையில் கிரைண்டர் ஓடினால்தான் வம்பு. 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 10, 20-ஐ 20, 40 ஆக்கிவிட்டது. சின்ன முதலாளிக்குக் கொண்டாட்டம், அக்காவுக்கு அல்ல. தொழிலாளர் சட்டத்தில் வரும் ‘தொழில்’ (industry) என்பது வேறு சங்கதி. 1978 பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு, லாப நோக்கம் இல்லாவிட்டாலும் தொழில்தான் என்றது. பரீட்சையில் இரண்டையும் குழப்பினால் மார்க் நொறுங்கிவிடும், உங்க ஊர் முறுக்கு மாதிரி.